அடிபட்ட தொட்டி மீனைத் தேற்றுவது எப்படி? புதிதாக மீன் வளர்ப்பவர்களுக்கு

தொட்டியில் ஒரு மீனுக்கு அடிபட்டிருக்கிறது என்று தெரிந்த உடனே கடைக்கு ஓடி ஒரு நீல மருந்தோ மஞ்சள் மருந்தோ வாங்கிவந்து ஊற்றிவிடாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதியவர்கள் மீனை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மீனின் உடம்பு தன் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும், அதுவும் நம் தோலைவிட வேகமாக. அதற்கு வேண்டியது சுத்தமான தண்ணீர், கொஞ்சம் கல் உப்பு, நிறைய காற்று, யாரும் துரத்தாத ஓர் இடம். அவ்வளவுதான். இதை வீட்டிலேயே எப்படிச் செய்வது என்று நான் செய்து பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன்.

என்னிடம் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு ஒராண்டா இருந்தது, தலையில் கொண்டை வைத்த கோல்டு ஃபிஷ் வகை. ஒரு நாள் காலையில் தீனி போடும்போது என் அக்கா மகன்தான் பார்த்தான். "மாமா, இதுக்கு ஒரு பக்கம் செதிலே இல்ல" என்றான். வலது விலாவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் செதில்கள் போய், உள்ளே இளஞ்சிவப்பாகச் சதை தெரிந்தது. தொட்டியில் கூர்மையான பொருள் எதுவும் இல்லை, கூட இருந்த கோல்டு ஃபிஷ்களும் சாதுவானவைதான். ஒன்றும் புரியாமல் இரவு விளக்கை அணைத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும் என்று சொல்லி ஒரு கடையில் கொடுத்த சக்கர் மீன், ஒராண்டாவின் விலாவில் வாயை வைத்து ஒட்டிக்கொண்டிருந்தது. கோல்டு ஃபிஷ் மெதுவாக நீந்தும், உடம்பில் வழவழப்பும் அதிகம். சக்கர் அந்த வழவழப்பை உரசித் தின்னப் பழகிவிட்டால் பிறகு விடாது. இரண்டையும் ஒரே தொட்டியில் போடவே கூடாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மருந்தைவிடத் தண்ணீர் ஏன் முக்கியம் என்று கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். மீனின் செதில் ஒவ்வொன்றும் தோலுக்குள் ஒரு சின்னப் பைக்குள் செருகியிருக்கும். செதிலுக்கு மேலே மெல்லிய தோல், அதற்கும் மேலே வழவழப்பு. ஒரு செதில் பிய்ந்தால் தோலும் கிழிகிறது, வழவழப்பும் போகிறது. நன்னீர் மீனின் ரத்தத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 கிராம் உப்புக்குச் சமமான அளவு உப்புகள் இருக்கும், வெளியே தொட்டித் தண்ணீரிலோ மிகக் குறைவு. அதனால் காயத்தின் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும், உடம்பின் உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கும். உள்ளே வந்த தண்ணீரைச் சிறுநீரகம் இறைத்து வெளியே தள்ள வேண்டும். ஓட்டை விழுந்த படகில் உட்கார்ந்து தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கிற மாதிரி. இந்த நேரத்தில் தண்ணீரும் அழுக்காக இருந்தால், கண்ட மருந்தையும் ஊற்றினால், மீன் எதைத்தான் சமாளிக்கும்?

முதல் பத்து நிமிடம்: பாருங்கள், கை வைக்காதீர்கள்

தொட்டி விளக்கை அணைத்துவிட்டு எதிரே உட்காருங்கள். செவுள் எவ்வளவு வேகமாக அசைகிறது என்று, அதே இனத்தில் நன்றாக இருக்கும் இன்னொரு மீனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறதா? துடுப்புகளை உடம்போடு ஒடுக்கி வைத்திருக்கிறதா? அடியில் போய்ப் படுத்துவிட்டதா? வேறு மீன் ஏதாவது காயத்தைக் கொத்துகிறதா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்வது என்று முடிவு செய்யலாம். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். தினமும் அதே பக்கத்திலிருந்து ஒரு படம் எடுத்துவந்தால் காயம் ஆறுகிறதா பரவுகிறதா என்று சந்தேகமே வராது. நினைவை நம்பினால் ஏமாந்துபோவோம்.

வாலோ துடுப்போ மட்டும் கிழிந்திருக்கிறது, மீன் சுறுசுறுப்பாக இருக்கிறது, யாரும் துரத்தவில்லை என்றால் அதைப் பிடிக்கவே வேண்டாம். பிடிப்பதே இன்னொரு காயம். இருக்கும் தொட்டியிலேயே கால் பங்கு தண்ணீரை மாற்றிவிட்டுக் கவனித்தால் போதும். செதில் போய்ச் சதை தெரிந்தாலோ, மற்ற மீன்கள் கொத்தினாலோ, நீந்தவே சிரமப்பட்டாலோ தனியே மாற்றத்தான் வேண்டும்.

தனித் தொட்டி

இதற்காகக் கண்ணாடித் தொட்டி வாங்கத் தேவையில்லை. 20, 25 லிட்டர் பிடிக்கும் வெளிர் நிற பிளாஸ்டிக் டப் போதும். ஆனால் சோப்போ பினாயிலோ ஒருமுறைகூடப் பட்டிராத புது டப்பாக இருக்க வேண்டும், துணி ஊறவைத்த டப்பை எத்தனை முறை கழுவினாலும் நம்பாதீர்கள். ஃபைட்டர், கப்பி மாதிரி சின்ன மீன் என்றால் 10 லிட்டரே போதும். பெரிய கோல்டு ஃபிஷ் என்றால் 40 லிட்டர் இருந்தால் நல்லது. உள்ளே கல், மணல், அலங்காரப் பொம்மை எதுவும் வேண்டாம், அடி வெறுமையாக இருந்தால்தான் கழிவு தெரியும், உறிஞ்சி எடுக்கவும் சுலபம். ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு போடலாம், வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுங்கடித்துவிட்டு. மேலே வலையோ துணியோ போட்டு மூடுங்கள், பயந்த மீன் குதிக்கும்.

காற்று அவசியம். ஏர் பம்பும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் வையுங்கள். அந்த ஸ்பாஞ்ச் ஏற்கெனவே பெரிய தொட்டியில் சில வாரங்கள் ஓடியதாக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். பழைய ஸ்பாஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியா அதைத் தின்று முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். புது ஸ்பாஞ்சில் அந்த பாக்டீரியா இருக்காது. அப்படிப்பட்ட டப்பில் தினமும் பாதித் தண்ணீரை மாற்றியே ஆக வேண்டும், வேறு வழி இல்லை. போர் தண்ணீர் பெரும்பாலும் காரத்தன்மை அதிகமாக இருக்கும், காரம் கூடக் கூட அதே அளவு அம்மோனியா இன்னும் விஷமாகும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

தண்ணீர் எது? பெரிய தொட்டித் தண்ணீர் நன்றாக இருந்தால் பாதி அதிலிருந்து எடுங்கள், மீதி புதுத் தண்ணீர். சென்னை மெட்ரோ தண்ணீர் மாதிரி குழாயில் வருவதில் குளோரின் இருக்கும், செவுளை அரித்துவிடும். ஒரு நாள் முழுக்க ஏர் ஸ்டோன் (ஏர் பம்ப் குழாயின் முனையில் மாட்டும் குமிழிக் கல்) போட்டுத் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும், அவசரம் என்றால் மீன் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் போட்டால் உடனே முறிந்துவிடும். போர் தண்ணீரில் குளோரின் இருக்காதே என்று அடுக்ககத்தில் இருப்பவர்கள் அலட்சியமாக இருப்பதுண்டு. சம்ப் கழுவிய வாரத்தில் பிளீச்சிங் பவுடர் போட்டிருப்பார்கள், மோந்து பாருங்கள், வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு தவறு, சுத்தமான தண்ணீர் என்று நினைத்து கேன் தண்ணீரையோ ஆர்ஓ தண்ணீரையோ ஊற்றுவது. அதில் தாது உப்புகள் மிகவும் குறைவு. ஏற்கெனவே உப்பை இழந்துகொண்டிருக்கும் மீனை இன்னும் வெறுமையான தண்ணீரில் விடுவது அதற்குப் பாரம்தான். அது பழகிய தண்ணீரே அதற்கு நல்லது.

மீனை மாற்றுவது

வலை வேண்டாம். வலையின் முடிச்சுகள் காயத்தில் உரசும், துடுப்பு முள் சிக்கிக்கொண்டு கிழியும். ஒரு பெரிய கிண்ணத்தைத் தண்ணீருக்குள் சாய்த்து வைத்து, இன்னொரு கையால் மெதுவாக மீனை அதற்குள் ஓட்டுங்கள். கொஞ்சம் பொறுமை வேண்டும், எனக்கு அன்று கால் மணி நேரம் ஆனது. தண்ணீரோடு சேர்த்தே தூக்கி, கிண்ணத்தை டப்பில் மிதக்க விட்டு, சூடு சமமானதும் சாய்த்து விடுங்கள். தொட்டே ஆக வேண்டும் என்றால் கையை நன்றாக நனைத்துக்கொள்ளுங்கள், காய்ந்த கை பட்டால் வழவழப்பு அப்படியே கையோடு வந்துவிடும்.

டப்பின் மூன்று பக்கமும் செய்தித்தாளைச் சுற்றிவிடுங்கள். ஆட்கள் நடமாடாத மூலை, டிவி சத்தம் அதிராத இடம், நேரடி வெயில் படாத இடம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் தட்டிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவையுங்கள்.

உப்புக் கணக்கு

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் எல்லோரும் கண் அளவில் அள்ளிப் போடுகிறார்கள். சமையலுக்கு வாங்கும் கல் உப்பே போதும். அயோடின் சேர்த்ததாக இருந்தாலும் அந்தச் சிறு அளவு மீனைக் கொல்லாது, ஆனால் தூள் உப்பில் கட்டி பிடிக்காமல் இருக்க வேறு பொருள் சேர்த்திருப்பார்கள், அதனால் கல் உப்புதான் என் விருப்பம்.

அளவு லிட்டருக்கு 2 கிராம். கோல்டு ஃபிஷ், கப்பி, மோலி, ஃபைட்டர் எல்லாம் இதைச் சாதாரணமாகத் தாங்கும். செதில் இல்லாத அல்லது நுண்செதில் கொண்ட லோச், கோரிடோரஸ் போன்றவற்றுக்கும் டெட்ராக்களுக்கும் லிட்டருக்கு 1 கிராமோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 20 லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம். தராசு இருந்தால் நிறுத்துப் போடுங்கள், இல்லையென்றால் தலை தட்டிய ஒரு டீஸ்பூன் சுமார் 5 கிராம் என்று வைத்துக்கொண்டால் 8 டீஸ்பூன். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. முதலில் 3 ஸ்பூன், எட்டு மணி நேரம் கழித்து 3, இன்னும் எட்டு மணி நேரம் கழித்து 2. ஒவ்வொரு முறையும் ஒரு மக்கில் தனியே கரைத்து, மீன் இல்லாத பக்கமாக மெதுவாக ஊற்றுங்கள். கரையாத உப்புக்கல் காயத்தில் பட்டால் சுட்டுவிடும்.

டப்பில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்று தெரியாவிட்டால் உப்புக் கணக்கே தப்பாகும். லிட்டர் பாட்டிலால் அளந்து ஊற்றுங்கள், அல்லது தொட்டி செவ்வகமாக இருந்தால் நீளம், அகலம், தண்ணீர் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி ஆயிரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் மட்டம் நிற்கும் இடத்தில் வெளியே மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். இந்தக் கோடு ரொம்ப உதவும். தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்கினால் உப்பு உள்ளேயே தங்கியிருக்கும், அதனால் கோடு வரை வெறும் தண்ணீர் ஊற்றினால் போதும். நீங்களே 10 லிட்டரை எடுத்துவிட்டு 10 லிட்டர் புதிதாக ஊற்றினால், அந்த 10 லிட்டருக்கு மட்டும் 20 கிராம் உப்பு சேர்க்க வேண்டும். இது இரண்டையும் குழப்பிக்கொண்டு தினமும் முழு அளவு உப்பு போட்டுவந்தால் ஒரே வாரத்தில் தண்ணீர் கரித்துப் போய்விடும்.

இந்த உப்பு இரண்டு வேலை செய்கிறது. வெளித் தண்ணீருக்கும் ரத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைத்து, அந்த இறைக்கும் வேலையைச் சுலபமாக்குகிறது. அப்புறம், உப்பில் இருக்கும் குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் ஏறாமல் தடுக்கிறது. புது டப்பில் நைட்ரைட் ஏறும் ஆபத்து இருப்பதால் இதுவும் பெரிய உதவிதான். பெரிய தொட்டியில் செடிகள் இருந்தால் அங்கே உப்புப் போடாதீர்கள், பல செடிகள் அழுகிவிடும். தனி டப் வேண்டும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சூடும் காற்றும்

ஃபைட்டர், ஏஞ்சல், கப்பி போன்றவற்றுக்கு 26 முதல் 28 டிகிரி நன்று. சமவெளி ஊர்களில் பெரும்பாலான மாதங்களில் ஹீட்டரே தேவைப்படாது. மார்கழி, தை மாதக் குளிரிலும் மலை ஊர்களிலும் தேவைப்படும், தண்ணீர் குளிர்ந்தால் காயம் ஆறுவது மெதுவாகிவிடும். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன், அதற்கு நம் ஊர் வெயில்தான் பிரச்சினை. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும், 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். அடிபட்ட மீனுக்கு மூச்சு அதிகம் வேண்டிய நேரத்தில் இது பெரிய குறைதான். சித்திரை வெயிலில் டப்பின் மேல் மின்விசிறிக் காற்று படும்படி வையுங்கள், ஏர் ஸ்டோன் இன்னொன்று சேருங்கள். ஐஸ் கட்டியைப் போடாதீர்கள், திடீரென்று சூடு இறங்குவதை மீன் தாங்காது. கரண்ட் போகும் ஊராக இருந்தால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாத நேரத்தில் ஒரு மக்கால் தண்ணீரை மொண்டு, சற்று உயரத்திலிருந்து மெதுவாக ஊற்றிக்கொண்டே இருந்தாலும் காற்று கலக்கும்.

தீனி

முதல் நாள் ஒன்றும் வேண்டாம். மீன் இரண்டு மூன்று நாள் பட்டினியைச் சாதாரணமாகத் தாங்கும், மிச்சத் தீனி அழுகித் தண்ணீர் கெடுவதைத்தான் தாங்காது. இரண்டாம் நாளிலிருந்து கொஞ்சமாக, சில நிமிடங்களில் தின்று முடிக்கிற அளவு மட்டும் போடுங்கள். கோல்டு ஃபிஷ்ஷுக்குப் பச்சைப் பட்டாணியை வேகவைத்துத் தோலை உரித்து, உள்ளே இருப்பதைக் கிள்ளிப் போடலாம். ஃபைட்டருக்கும் ஏஞ்சலுக்கும் உறைய வைத்த பிளட் வார்ம் நல்லது. கடைகளில் உயிரோடு விற்கும் டியூபிஃபெக்ஸ் புழுவை இந்த நேரத்தில் தவிர்த்துவிடுங்கள், அது சாக்கடைச் சேற்றில் வளர்வது, திறந்த காயம் இருக்கும்போது அந்த ஆபத்து எதற்கு?

காயத்தைப் படிப்பது

ஒராண்டாவின் காயம் முதல் நாள் சிவப்பாக இருந்தது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் அதன் மேல் பால் ஆடை மாதிரி மெல்லிசாக ஒரு வெண்படலம். எனக்குப் பகீரென்றது, பூஞ்சை வந்துவிட்டது என்றே நினைத்தேன். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தபோது படலம் உடம்போடு ஒட்டி வழவழவென்று இருந்தது, மீன் திரும்பும்போது எதுவும் ஆடவில்லை. அது புதுத் தோல். சுற்றியிருக்கும் தோலின் செல்கள் நகர்ந்து வந்து காயத்தை மூடும், சிறு காயத்தில் இது ஓரிரு நாளுக்குள்ளேயே நடந்துவிடும். இதைப் பூஞ்சை என்று நினைத்து மருந்து ஊற்றுகிறவர்கள் ஏராளம்.

பூஞ்சை வேறு மாதிரி இருக்கும். பஞ்சைப் பிய்த்து ஒட்டியது போல நூல் நூலாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், தண்ணீர் அசைந்தால் நூலும் ஆடும். செத்த தோலில்தான் முதலில் பிடிக்கும். மூன்றாவது வகை ஒன்று உண்டு, பார்க்கப் பூஞ்சை போலவே இருந்து ஏமாற்றும், காலம்னாரிஸ் என்ற பாக்டீரியாவால் வருவது. சாம்பலும் மஞ்சளும் கலந்த தட்டையான திட்டாக, பெரும்பாலும் வாயைச் சுற்றியோ முதுகில் சேணம் போட்டது போலவோ வரும், காலையில் பார்த்ததைவிட மாலையில் பெரிதாகியிருக்கும். இது சூட்டில் வேகமாகப் பரவும். ஆகவே எல்லா நோய்க்கும் ஹீட்டரைக் கூட்டு என்று யாராவது சொன்னால், முதலில் இது இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஏழெட்டு நாள் கழித்து என் மீனின் காயத்தைச் சுற்றி மை தடவியது போலக் கறுப்பு வந்தது. இதுவும் புதியவர்களைப் பயமுறுத்துகிற ஒன்று. கோல்டு ஃபிஷ்ஷுக்குத் தோல் ஆறும்போது அந்த இடத்தில் கறுப்பு நிறமி சேர்வது வழக்கம், சில வாரங்களில் தானாக மறையும். ஆனால் அம்மோனியா கூடியிருந்தாலும் கறுப்பு வருவதுண்டு, அதனால் அம்மோனியா சோதனைத் திரவம் இருந்தால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கெட்ட அறிகுறிகள் என்று நான் எடுத்துக்கொள்பவை இவை: காயத்தின் ஓரம் நாளுக்கு நாள் சிவந்து விரிவது, நடுவில் குழி விழுவது, வயிற்றிலும் துடுப்பு அடியிலும் ரத்தக் கோடுகள், தீனியைத் தொடாமல் மூன்று நாளுக்கு மேல் அடியில் கிடப்பது. உடம்பு உப்பி, செதில்கள் எல்லாம் பலாப்பழ முள் போல நிமிர்ந்துவிட்டால் சிறுநீரகமே கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். அதிலிருந்து மீளும் மீன் மிகவும் குறைவு, இதை மறைத்துச் சொல்வதில் பயன் இல்லை.

மருந்து எப்போது?

நூல் நூலாகப் பூஞ்சை தெரிந்தால் மெத்திலீன் புளூ போடலாம், தனி டப்பில் மட்டும். பாட்டிலுக்குப் பாட்டில் அடர்த்தி வேறுபடும், அதனால் லேபிளில் இருக்கும் அளவுதான் அளவு. பெரிய தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியா செத்துவிடும், கண்ணாடி ஒட்டிய சிலிக்கானும் நீலமாகிவிடும். டப்பில் இருக்கும் பழைய ஸ்பாஞ்சையும் முதலில் எடுத்துப் பெரிய தொட்டிக்கே அனுப்பிவிட்டு, ஏர் ஸ்டோனை மட்டும் வைத்துக்கொண்டு, தினமும் தண்ணீர் மாற்றுங்கள்.

மனிதர்களுக்கான டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பிரித்துக் கொட்டுவது நம் ஊரில் பழைய பழக்கம். செய்யாதீர்கள். அந்த மருந்து தண்ணீரில் இருக்கும் கால்சியத்தோடும் மெக்னீசியத்தோடும் ஒட்டிக்கொண்டுவிடும், இவை அதிகமுள்ள கடினமான போர் தண்ணீரில் மீனுக்குப் போய்ச் சேருவது சொற்பம். ஃபில்டர் கெடுவதும், பாக்டீரியா மருந்துக்குப் பழகிக்கொள்வதும்தான் மிச்சம். காயம் குழிந்துகொண்டே போனாலோ காலம்னாரிஸ் என்று தோன்றினாலோ மீன் நோய் தெரிந்த கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். தூத்துக்குடியிலும் பொன்னேரியிலும் மீன்வளக் கல்லூரிகள் இருக்கின்றன, பக்கத்தில் இருப்பவர்கள் அங்கே விசாரித்துப் பார்க்கலாம். தினமும் எடுத்த படங்கள் அப்போது கைகொடுக்கும்.

மஞ்சள் தூள் போடலாமா என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். தூள் கரையாமல் மிதந்து செவுளில் படியும், சின்ன டப்பில் வேண்டாம். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் வேண்டாம், அதில் உதவும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு, புதியவர்கள் கை வைக்கக் கூடாத பொருள். நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்த இலை மட்டும் போடலாம். மருந்து தெளிக்காத மரத்தில் தானாகப் பழுத்து உதிர்ந்து நன்றாகக் காய்ந்த இலையை அலசி, 20 லிட்டருக்கு ஒன்று. தண்ணீர் தேநீர் நிறமாகும், இலையிலிருந்து இறங்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் கிருமிகளை ஓரளவு கட்டுப்படுத்தும். ஃபைட்டருக்கு ரொம்பப் பிடிக்கும்.

வேறு சில காயங்கள்

கிழிந்த வாலும் துடுப்பும் அடிப்பகுதி சேதமாகாமல் இருந்தால் திரும்ப வளரும். ஓரத்தில் கண்ணாடி போல நிறமில்லாத ஒரு விளிம்பு தெரிந்தால் வளரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நிறம் பிறகு வரும். ஏஞ்சல் மீனுக்கு இப்படி அடிக்கடி ஆகிறது என்றால் கூடவே டைகர் பார்ப் என்ற மீன் இருக்கிறதா என்று பாருங்கள், நீளத் துடுப்பைக் கண்டால் அது சும்மா இருக்காது.

ஒரு கண் மட்டும் வீங்கி வெளியே தள்ளியிருந்தால் பெரும்பாலும் எதிலோ மோதியிருக்கிறது. இரண்டு கண்ணும் என்றால் தண்ணீரையோ கிருமியையோ சந்தேகப்படுங்கள். வீக்கத்துக்கு எப்சம் உப்பை 20 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கரைத்து விடலாம். இது கல் உப்பு அல்ல, மெக்னீசியம் சல்பேட், மருந்துக் கடையில் கிடைக்கும். பார்வையே போனாலும் மீன் பிழைத்துக்கொள்ளும், தீனியை மோப்பத்தால் கண்டுபிடித்துவிடும்.

குதித்துத் தரையில் கிடந்த மீன் காய்ந்தது போலத் தெரிந்தாலும் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். செவுள் ஈரமாக இருக்கும்வரை வாய்ப்பு உண்டு. தொட்டித் தண்ணீர் நிறைந்த கிண்ணத்தில் விட்டு, ஒட்டிய தூசு தானாக நனைந்து உதிரட்டும், தேய்த்துக் கழுவ வேண்டாம். ஏர் ஸ்டோனுக்குப் பக்கத்தில் விட்டு விளக்கை அணைத்துவிடுங்கள். அடுத்த சில நாள்களில்தான் தோல் உரிவது தெரியும், உப்புக் கணக்கை அன்றே தொடங்கிவிடுங்கள்.

திரும்பவும் தொட்டிக்கு

காயம் முழுவதும் மூடி, மீன் நன்றாகத் தின்று, ஒரு வாரமாவது எந்த மாற்றமும் இல்லாமல் இருந்த பிறகு மாற்றுங்கள். செதில் முளைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அந்த ஒரு வாரத்தில் மாற்றும் தண்ணீரில் உப்புச் சேர்க்காமல் விட்டாலே உப்பு படிப்படியாக இறங்கிவிடும். பெரிய தொட்டியில் விடும்போது உள்ளே இருக்கும் கல், குழாய் எல்லாவற்றையும் இடம் மாற்றி அடுக்கினால், பழைய மீன்கள் தங்கள் இடத்தை மறந்து புதிதாகத் தேடும், துரத்தல் குறையும். மாலையில், விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள்.

அதற்கு முன்னால் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரி செய்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளின் மேலும் ஒரு பழைய நைலான் துணியை இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டினால் துடுப்பும் மாட்டும். ஃபில்டர் உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்ச் செருகுங்கள். என் வீட்டில் சக்கர்தான் காரணம் என்பதால் அதைத் தனித் தொட்டிக்கு மாற்றினேன். அது ஓரடிக்கு மேல் வளரும், கடையில் விற்கும்போது விரல் நீளம்தான் இருக்கும். வளர்க்க முடியாவிட்டால் கடையிலோ வேறு வளர்ப்பவரிடமோ கொடுங்கள். ஏரியிலோ கிணற்றிலோ விட்டுவிடாதீர்கள், நம் நாட்டில் ஏற்கெனவே பல நீர்நிலைகளில் பரவி உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஒராண்டா 23 நாள் டப்பில் இருந்தது. ஆரஞ்சு இருந்த இடத்தில் புதுச் செதில்கள் வெள்ளையாக முளைத்தன, அப்படியே நின்றுவிட்டன. அன்றிலிருந்து ஒரு டப், அரைக் கிலோ கல் உப்பு, ஆன்டி குளோரின், ஒரு ஏர் பம்ப், மார்க்கர் எல்லாவற்றையும் ஒன்றாக ஒரு பையில் கட்டி வைத்திருக்கிறேன். பெரிய தொட்டியின் மூலையில் கூடுதலாக ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் மீன்கள் நன்றாக இருக்கும்போதே அந்த இரண்டாவது ஸ்பாஞ்சைப் போட்டுவிடுங்கள், அதில் பாக்டீரியா நன்றாகக் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும்.